எல்லா இடத்திலும் இரண்டரை

கணக்கில் விடை கண்டபின் அதைச் சரிபார்ப்பது மாணவர் கடமை என்று பாடநூலின் முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருந்தது. அதை ஒரு பெண் நம்பிவிட்டாள். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

மருந்துக்கடைக்காரரின் மகள் அவள். அன்றைய வீட்டுப்பாடம் அணிப் பெருக்கல். அணி என்றால் பயப்பட ஒன்றுமில்லை. எண்களை வரிசை வரிசையாக ஒரு அடைப்புக்குள் உட்கார வைப்பது, அவ்வளவுதான். முதல் அணியில் மேலே 1, 2. கீழே 3, 4. இரண்டாவதில் மேலே 0, 1. கீழே 1, 0. பெருக்கினாள். மேலே 2, 1. கீழே 4, 3 என்று வந்தது. புத்தகத்தின் கடைசியில் கொடுத்திருந்த விடையோ மேலே 3, 4; கீழே 1, 2.

"அப்பா, இவங்க ரெண்டாவதை முன்னாடி வச்சுப் பெருக்கிட்டாங்க. இடம் மாறினா விடையும் மாறிடும்."

மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தே கொடுக்கிற மனிதர் அப்பா. கடையைப் பூட்டிவிட்டு மகளோடு பாடநூல் திருத்த அலுவலகத்துக்குப் போனார்.

திருத்த அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "மூணை அஞ்சால பெருக்கினாலும், அஞ்சை மூணால பெருக்கினாலும் பதினஞ்சுதானேம்மா?"

"எண்ணுக்குச் சரி சார். அணிக்கு அப்படி இல்ல. நீங்க கையெழுத்துப் போட்டபிறகு முத்திரை குத்துறதும், முத்திரை குத்தினபிறகு கையெழுத்துப் போடுறதும் ஒண்ணா?"

அதிகாரி நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டார். "அதெப்படி ஒண்ணாகும்? வேலையே போயிடும்!"

அணிக் கணிதம் அவருக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. ஆனால் அச்சான விடையைத் தவறு என்று சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. சரி என்று சொல்ல மட்டுமே உண்டு. எனவே குழு அமைக்கப்பட்டது. குழு கூடியது, தேநீர் அருந்தியது, மாணவியின் மனமும் அச்சகத்தின் மனமும் புண்படாதபடி இரண்டு விடைகளுக்கும் சராசரி எடுத்தது. இரண்டும் மூன்றும் சேர்ந்ததில் பாதி, இரண்டரை. ஒன்றும் நான்கும் சேர்ந்ததில் பாதி, அதுவும் இரண்டரை. நான்கு மூலையிலும் இரண்டரை!

"பார்த்தீங்களா?" அதிகாரிக்குக் குரல் தழுதழுத்தது. "எவ்வளவு அழகா வந்திருக்கு! தப்பா இருந்தா இப்படி வருமா?"

"ரெண்டுல ஒண்ணு தப்பு சார்," என்றாள் மகள்.

"அதனாலதாம்மா, தப்பைப் பாதியாக் குறைச்சிருக்கோம்."

அணிப் பெருக்கலுக்கு இனி எல்லா இடத்திலும் விடை இரண்டரை என்று சுற்றறிக்கை பறந்தது. பரீட்சையும் வந்தது. எந்த அணியைக் கொடுத்தாலும் பிள்ளைகள் பெருக்கவே இல்லை. நான்கு மூலையிலும் இரண்டரையை நட்டுவிட்டு, மணியடிக்குமுன் வெளியே வந்தார்கள். அத்தனை பேருக்கும் முழு மதிப்பெண். உட்கார்ந்து பெருக்கி, சரிபார்த்து எழுதிய ஒருத்திக்கு மட்டும் பூஜ்யம்.

கொஞ்ச நாளில் பெற்றோர்கள் கூட்டமாகத் திருத்த அலுவலகத்துக்குக் கிளம்பினார்கள். நியாயம் கேட்கத்தான் போகிறார்கள் என்று மகளும் பின்னாலேயே ஓடினாள். அதிகாரி மனுவை உரக்கப் படித்தார்: 'இரண்டரை முறையை ஏனைய பாடங்களுக்கும் விரிவுபடுத்தித் தருமாறு பணிவன்புடன் வேண்டுகிறோம்.' முதல் கையெழுத்து மருந்துக்கடைக்காரருடையது.

"என்னப்பா இது?"

அவர் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அடுத்த வாரம் உனக்கு வரலாறு பரீட்சைம்மா."