பரங்கிப்பூவுக்குக் கல்யாணம் செய்துவைத்தவர்

திருமுல்லைவாயிலில் எங்கள் தெரு பேய்க்குப் பயந்ததைவிட 'அது பொண்ணு' அண்ணாத்தேவுக்குப் பயந்ததுதான் அதிகம். பேயாவது விடிந்தால் போய்விடும். இவர் விடியும்போதுதான் வருவார்.

எண்பதுகளின் மார்கழி. எதிர்வீடு தெரியாத பனி. கோலத்தின் நடுவில் சாணி உருண்டையில் செருகப் பரங்கிப்பூ பறிக்கத் தோட்டத்துக்குப் போவாள் அக்கா. கொடிக்குள் கையை விட்டதும், இலைகளுக்கு நடுவிலிருந்து மஃப்ளர் கட்டிய தலை ஒன்று மட்டும் எழும்பும்.

"அது பொண்ணு! கைய எடு!"

அக்கா போட்ட அலறலில் ஆவடி போகிற ரயிலே நின்றிருக்கும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நைட் ஷிஃப்ட் முடிந்ததும் மனிதர் நேராகத் தன் வீட்டுக்குப் போகமாட்டார். தெருவில் யார் வீட்டுக் கொடியாக இருந்தாலும் சத்தமில்லாமல் உள்ளே புகுந்துவிடுவார். "ஆம்பளப் பூவுக்கு வெறுங்காம்பு. பொண்ணுக்கு அடில குட்டிக் காய் கீது பாரு. கோலத்துக்கு ஆம்பளயப் பறிச்சிக்கோ" என்பார். பிறகு ஓர் ஆண் பூவைக் கிள்ளி, இதழ்களை உரித்து, உள்ளிருக்கும் மகரந்தத்தைப் பெண் பூவுக்குள் மெல்லத் தடவியபடி ஏதோ முணுமுணுப்பார். மந்திரம் என்று நடுங்கினோம். ஒருநாள் ஒட்டுக்கேட்டேன். "மாப்ள நல்ல எடத்துப் புள்ளம்மா. அழாத."

அப்பாவுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. "லூசுப் பய. வண்டு பாக்குற வேலைய இவன் பாக்குறான்."

அவர் கைபட்ட வீடெல்லாம் காய்த்தது, எங்கள் வீட்டைத் தவிர. பிஞ்செல்லாம் வெம்பி விழும். கைராசிக்கு வந்த இழுக்கை நினைத்து மனிதர் சரியாகத் தூங்கக்கூட இல்லை. அந்த வருஷம் எங்கள் கொடியில் கடைசியாக ஒரே ஒரு பெண் மொட்டு. அது விரிவதற்கு முந்தைய நாள் அவரைக் கடும் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். பார்க்கப் போன அம்மாவிடம் கெஞ்சினார்: "நாளைக்கு ஒரு காலைதாம்மா. வெயில் ஏறுனா வாய மூடிக்கும், அப்புறம் போச்சு. நீயே பண்ணி வுட்டுடு."

அம்மா விடியலில் போனாள். துணைக்கு நானும் போனேன். பூ விரிந்திருந்தது. உள்ளே ஏற்கெனவே மஞ்சள் பொடி. கீழே, இதழ் உரித்த ஆண் பூ ஒன்று கிடந்தது. காற்றே இல்லாத பனியில் ஓர் இலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அம்மா என் கையைப் பிடித்த பிடியில் எலும்பு வலித்தது.

காய்ச்சல் தெளிந்து வந்தவர், பிடித்துவிட்ட பிஞ்சைப் பார்த்து வாயெல்லாம் பல்லானார். "சொன்ன மாதிரியே பண்ணிட்டியேம்மா!"

"நான் எங்க பண்ணேன்? நீங்கதான வந்தீங்கண்ணே?"

"நான் கைல ஊசியோட படுத்துகினு இருந்தேம்மா!"

இருவரும் கொடியைப் பார்த்தார்கள். ஊரையே அலறவைத்தவர் மஃப்ளரை இறுக்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய் நின்றார். அதன் பிறகு எங்கள் தோட்டத்துக்குள் அவர் தனியாக வந்ததே இல்லை. விடியலில் வாசலில் நின்று, "யம்மா, கொஞ்சம் கூட நில்லேன்" என்பார். அடுப்பில் எது கொதித்தாலும் அம்மா எழுந்து போவாள்.

அந்த வாரமே துவைக்கும்போது அப்பாவின் கம்பெனிச் சட்டைக் கைமடிப்பில் மஞ்சள் பொடி இருந்ததை அம்மா என்னிடம் காட்டினாள். காலை ஷிஃப்டுக்கு ஓடும் அவசரத்தில், லூசுப் பயலின் வேலையை அப்பா முடித்துவிட்டுப் போயிருக்கிறார். கேட்டால் ஒப்புக்கொள்கிற ஆளா அவர்!

"அண்ணாத்தேகிட்ட சொல்லிடேம்மா. பாவம், பயந்து சாவறாரு" என்றேன்.

"சொன்னா நாளையிலேந்து தனியா வந்துட்டுப் போயிடுவாருடா. ஒண்டிக்கட்டை மனுஷன். காலைல ஒரு வார்த்த பேச ஆள் இருக்கட்டும்."