எலக்ட்ரீஷியன் சட்டையில் தூங்கிய விவரம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாம் சுகம். அங்கே உன் காதைத் தவிர எல்லாம் சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன். போனில்தான் சொல்ல நினைத்தேன். ஆனால் நீ எதைச் சொன்னாலும் "ஆமாக்கா, ஆமாக்கா" என்கிறாய். போன தடவை நான் குளியலறையில் வழுக்கி விழுந்ததைச் சொன்னபோது "ரொம்ப சந்தோஷம்க்கா" என்றாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நீயே படி. உன் வீட்டுக்காரியிடம் கொடுக்காதே, நடுவில் உன் மானம் போகிற இடம் ஒன்று வருகிறது.

விஷயம் இதுதான். எனக்கு மறதி வியாதி வந்துவிட்டது என்று என் மகள் முடிவு கட்டிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை இந்த வீட்டைப் பூட்டி, சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு, என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போகப் போகிறாளாம். நல்ல பிள்ளைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அவள் வீட்டு ஜன்னலைத் திறக்க முடியாது, கண்ணாடி வழியாக மேகத்தை மட்டும் பார்க்கலாம். உன் அத்தான் செருப்பு விடுகிற இடம், பேப்பர் படித்துக்கொண்டே சாய்ந்து சாய்ந்து சுவரில் எண்ணெய்க் கறையாய்ப் படிந்த அவர் தலை, இதையெல்லாம் எந்தப் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு போவது?

அவர் போனதிலிருந்து எனக்குக் கட்டிலில் தூக்கமே இல்லை. அந்தப் பக்கம் காலியாக இருக்கிறதே என்று இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் சுவர் என்னையே பார்க்கிறது. உட்கார்ந்த இடத்தில்தான் தூக்கம் வருகிறது. போன வாரம் மகள் வந்து, "அப்பா சட்டை எல்லாம் பீரோவில சும்மா கிடக்குது, யாருக்காவது குடுத்துடலாம்மா" என்றாள். சரிதான் என்று எடுத்தேன். ஆனால் அழுக்கோடு கொடுத்தால் பள்ளிக்கூட வேன் ஓட்டின மனுஷன் கசங்கிய சட்டையில்தான் திரிந்தார் என்று நாலு பேர் பேசுவார்களே என்று, எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டித் தெருமுனைச் சலவைக்கடைக்குக் கொண்டு போனேன். கடைக்காரர் மெஷினில் போட்டார், துவைத்தார், காய வைத்தார், எடுத்து மேஜை ஓரத்தில் குவித்தார். நான் அதை ஒட்டின பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வெயில் கண்ணாடிக் கதவு வழியாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது, மெஷின்கள் சுற்றிக்கொண்டிருந்தன, அந்தச் சத்தம் யாரோ முதுகில் தட்டிக்கொடுக்கிற மாதிரி இருந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

கண்ணைத் திறந்தால் முன்னால் ஒரு பெண்பிள்ளை, இடுப்பில் கை வைத்து நிற்கிறாள்.

"ஏம்மா, அது எங்க வீட்டுக்காரர் சட்டை."

தூக்கக் கலக்கத்தில் நான், "இல்லம்மா, எங்க வீட்டுக்காரருது" என்று இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

"உங்க வீட்டுக்காரர் சட்டைப் பையில டெஸ்டர் எதுக்கு?"

பார்த்தால் பையில் நிஜமாகவே டெஸ்டர் நீட்டிக்கொண்டிருக்கிறது. சட்டையோடு சேர்ந்து அதுவும் துவைந்து பளபளவென்று இருக்கிறது. அவள் புருஷன் எலக்ட்ரீஷியனாம். அவருக்கும் நீலச் சட்டை, உன் அத்தானுக்கும் நீலச் சட்டை. அவர் சட்டைக் குவியல் மேல்தான் நான் கன்னம் வைத்துச் சாய்ந்திருக்கிறேன், என் மூட்டை மேஜை ஓரத்தில் ஆறிப்போய்க் கிடக்கிறது. துணி வாங்க வந்தவர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்க்கிறார்கள். ஊரான் புருஷன் சட்டையைக் கட்டிப்பிடித்துத் தூங்கியவள் என்று இந்த வயசில் ஒரு பெயர் எனக்கு. அந்தப் பெண் சட்டையைப் பிடுங்கினாள். தோள் பக்கம் ஈரமாக இருந்தது. "என்ன, எச்சிலா?" என்றாள். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். என் முகத்தைப் பார்த்தாள், என்ன தோன்றியதோ, "பரவால்லக்கா, காயட்டும்" என்று அதை மடியில் விரித்துக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குள் கடைக்காரர் என் மகளுக்குப் போன் போட்டுவிட்டார். ஆபீஸ் அட்டை கழுத்தில் தொங்க ஓடி வந்தாள். "அப்பா சட்டைகூடவா உனக்குத் தெரியலம்மா?" என்று கேட்டாள். துவைத்த பிறகு எல்லா ஆம்பளை சட்டையும் ஒரே வாசனைதான். டீசலும் வியர்வையுமாக இருந்தவரை நானே கொண்டுபோய் சோப்பில் கரைத்துவிட்டு வந்திருக்கிறேன், அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

நம் அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தது அவளுக்குத் தெரியும். அந்தச் சூடு தெரியாது. உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அங்கேதானே ஓடுவோம். ஆவியில் யார் முகமும் சரியாகத் தெரியாது. பெரிய மெஷின்கள் வாயைத் திறந்து வெள்ளை வெள்ளையாகப் போர்வையைக் கக்கும். அம்மாவும் கூட வேலை பார்த்த அந்தக் குள்ளச்சியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு விலகுவார்கள், கிட்டே வருவார்கள், மறுபடி விலகுவார்கள். கிட்டே வரும்போதெல்லாம் ஒரு வம்பு, விலகும்போது ஒரு சிரிப்பு. நாம் கீழே படுத்து, தலைக்கு மேல் வெள்ளைக் கூரை இறங்கி ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருப்போம். எங்க இடம் எது என்று கேட்டால் அம்மா, "இங்க யாருக்கும் எதுவும் சொந்தம் கிடையாது. எது சூடா இருக்கோ அதுல போய்ப் படுங்க" என்பாள். ஆறியதும் கண்ணைத் திறக்காமலே உருண்டு அடுத்த குவியலுக்குப் போவோம். ஒரு நாள் போர்வையோடு உன்னையும் வண்டியில் வைத்து வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள், நர்ஸ் போர்வையை உதறினதும் நீ விழுந்தாய். "இந்த நோயாளிக்கு எந்தக் கட்டில்?" என்று கேட்டாளாம். பெரிய டாக்டர் கோட்டில் நீ ஒன்றுக்குப் போனதை நான் இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன்.

நேற்று என்ன சமைத்தேன் என்று கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்தப் போர்வைச் சூடு மட்டும் இப்போதும் கன்னத்தில் இருக்கிறது. வயசாவது இப்படித்தான் போலிருக்கிறது, கிட்டே இருப்பதெல்லாம் ஆவியில் மறைய, தூரத்தில் இருப்பது பளிச்சென்று தெரிகிறது. அன்றைக்கு நடந்ததும் அதுதான். உன் அத்தான் சட்டை ஆறிவிட்டது, பக்கத்தில் ஒரு குவியல் சூடாக வந்து விழுந்தது, உடம்பு தானாகப் போய்விட்டது. புத்தி எங்கேயும் போகவில்லை.

இதைச் சொல்ல இப்போது உன்னை விட்டால் ஆள் இல்லை. அம்மா இல்லை, குள்ளச்சியும் போய்விட்டாள். அதனால் அக்கா சின்ன வயசிலிருந்தே இப்படித்தான் என்று மகளுக்கு ரெண்டு வரி எழுதிப் போடு. அது போதும். நீ நேரில் வர வேண்டாம், பஸ்ஸில் உனக்குக் குமட்டும். என்னைப் பற்றிக் கவலைப்படாதே, நான் தனியாக நன்றாகவே இருக்கிறேன். உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு. பேரப்பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளரட்டும், நீயும் நல்லபடியாக இரு.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மகள் வந்து கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். படித்துவிட்டு வாசலில் போய்க் கொஞ்ச நேரம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். முதுகு குலுங்கியது, சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. பிறகு உள்ளே வந்து, "மாமாவும் இப்படித்தானா?" என்றாள். உன் சாட்சிக்கு வலு சேரட்டுமே என்று, "அவன் என்னைவிட மோசம்" என்றேன். உடனே போனை எடுத்து டாக்டரிடம் உனக்கும் சேர்த்து நேரம் வாங்கிவிட்டாள். டாக்டர் முடிவு சொல்கிறவரை வீட்டைப் பூட்ட மாட்டாளாம், நாம் ரெண்டு பேரும் இங்கேயே இருக்கலாமாம், ராத்திரிக்கு அவளும் வந்து படுத்துக்கொள்வாளாம். அதனால் கிளம்பி வா. வர வேண்டாம் என்று மேலே எழுதியதையும், தனியாக நன்றாக இருக்கிறேன் என்றதையும் அடித்தால் தாள் அசிங்கமாகிவிடும், நீயே படிக்காமல் தாண்டிவிடு. வந்த பிறகு டாக்டர் என்ன மருந்து கொடுத்தாலும் வாங்கிக்கொள். அவசரப்பட்டுக் குணமாகிவிடாதே.