முகாமிலிருந்து வந்த சீர்

நாகமலை புதுக்கோட்டை,
ஆவணி மாதம், 1985.

அன்புள்ள மாப்பிள்ளை மலையாண்டிக்கு, மச்சான் சிவனாண்டி எழுதிக்கொண்டது. கள்ளழகர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம்; உன் அக்கா ஒச்சாயி மட்டும் என்னோடு பேசுவதில்லை. மில்லில் லீவு கிடைக்கவில்லை என்று நீ போட்ட கடிதம், விருந்து முடிந்த மறுநாள்தான் வந்து சேர்ந்தது. தாய்மாமன் மடியில்லாமல் காது குத்த முடியுமா? கெடா வெட்டி, ஊருக்கே சோறு போட்டு, மகள் தங்கப்பொண்ணுக்குக் காதை மட்டும் குத்தாமல் தள்ளி வைத்திருக்கிறேன். நீ சாவகாசமாக வா.

அன்றைக்கு நடந்த கேவலத்தை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? கண்மாய்க்கரைக்கு அந்தப் பக்கம் தகரக் கொட்டகை போட்டு, இலங்கையிலிருந்து வந்த அகதிகளைச் சர்க்கார் குடிவைத்திருப்பது உனக்குத் தெரியும். காதுகுத்துக்கு முன்னால் ஒருநாள், அவர்களுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று ஊர் கூடியபோது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காத நான்தான், "பிச்சை போடுற மாதிரி குடுக்கக் கூடாதுப்பா, முறையாச் செய்வோம்" என்றேன். முறை என்றால் நமக்குத் தெரிந்தது விசேஷ வீட்டுக்குச் சீர் கொண்டுபோகிற செய்முறைதானே. கொட்டு முன்னால் போக, பெண்கள் தாம்பாளம் சுமக்க, மைக்செட் கருத்தக்கண்ணன் மாட்டுவண்டியில் குழாயைக் கட்டிக்கொண்டு, "சிவனாண்டி வகையறா, பழைய வேட்டி, மூடியில்லாத ஈயப் பானை" என்று ஒவ்வொருவர் பேராகச் சொல்ல, அது நாகமலையில் மோதித் திரும்பி வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர்கள் தலையைக் குனிந்து வரிசையில் நின்று வாங்கினார்கள். நெகிழ்ந்து நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சின்னராசா என்றொருவர், மன்னார்ப் பக்கம் படகு வைத்திருந்தவர், இது என்ன வழக்கம் என்று மரியாதையாகக் கேட்டார். செய்முறை வாங்கியவர்கள் நம் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் பெரிய குறை என்று மீசையை முறுக்கிக்கொண்டு விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

காதுகுத்து அன்று பந்தி நடக்கிறது, நான் உன் சீரை எதிர்பார்த்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். முகாமுக்கு நான் சொல்லி அனுப்பவில்லை, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கரையில் கொட்டுச் சத்தம் கேட்டதும், "பாத்தியா, ஒன் தம்பி வந்துட்டான்" என்று ஒச்சாயியிடம் சொல்லிவிட்டு மாலையும் கையுமாக ஓடினேன். வந்தது முகாம். தகர டின்னைத் தட்டிக்கொண்டு ஆண்கள் முன்னால் வர, பின்னால் பெண்கள் தட்டுத் தட்டாக ரேஷன் அரிசி, சர்க்கரை, தேங்காய், தங்கப்பொண்ணுக்குக் கையால் தைத்த ஒரு புதுப் பாவாடை. அம்புட்டும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது என்று பார்த்தவுடன் தெரிந்தது. கருத்தக்கண்ணன் பழக்க தோஷத்தில் மைக்கைப் பிடித்து, "முகாம் சின்னராசா வகையறா, புதுப் பாவாடை" என்று ஆரம்பித்துவிட்டான். பந்தியில் இருந்தவர்கள் எல்லாம் சோற்றை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். நாங்கள் திருப்பி வாங்குவதற்காகக் கொடுக்கவில்லையே என்று உளறினேன்.

சின்னராசா கோபமில்லாமல், தெரிந்துகொள்வதற்காகவே கேட்டார். "அப்ப ஏன் ஐயா பேர் வாசிச்சனீங்கள்?"

மாப்ள, அதற்குப் பதில் உன்னிடம் இருந்தால் எழுது. மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் கழுத்திலேயே போட்டு, பந்தியில் உட்காரவைத்து நானே பரிமாறினேன். குழம்பை அவர் வேட்டியில் ஊற்றிவிட்டேன். அது நான் கொடுத்த வேட்டி. கிழிசலை அவ்வளவு அழகாகத் தைத்து உடுத்தியிருந்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

உன் பிள்ளைகளுக்கு மாமனின் ஆசீர்வாதம். எல்லோரும் நோய் நொடியில்லாமல், யாருக்கும் மைக் வைத்து உதவாமல் நல்லபடியாக இருங்கள்.

இப்படிக்கு,
தலைநிமிர முடியாத மச்சான்,
சிவனாண்டி

பின்குறிப்பு: காதுகுத்தைத் தள்ளி வைத்தேன் என்று மேலே எழுதியது பொய். நீ கோபித்துக்கொள்வாய் என்று பயந்து எழுதினேன். நல்ல நேரம் போகிறது என்று ஆசாரி அவசரப்படுத்த, தங்கப்பொண்ணு அந்தப் புதுப் பாவாடையைக் கட்டிக்கொண்டு தானாகப் போய்ச் சின்னராசா மடியில் உட்கார்ந்துவிட்டாள், குத்தியாகிவிட்டது. ஒச்சாயி அவரை இப்போது 'அண்ணே' என்று கூப்பிடுகிறாள். அப்படியென்றால் எனக்கு அவர் மச்சான். நானும் கூப்பிடத்தான் தினமும் முகாம் வரைக்கும் போகிறேன். வெட்கத்தில் வாய் வராமல் வேலியோடு திரும்பி வருகிறேன்.