பன்னிரண்டு துளைக் கழிப்பறையின் காவலர்

மாநிலத்துக்கு ஒரு ராணுவ முகாம் இருந்தால், முகாமுக்கு ஒரு ஸ்தல புராணிகர் இருப்பார். முகாமே இடிந்தாலும் இவர் இடியமாட்டார்.

மினசோட்டாவில் எங்கள் லிண்டன் முகாமுக்கு வாய்த்தவர் வெர்னன் ஷுமாக்கர், ஓய்வுபெற்ற சார்ஜன்ட். மளிகைக்காரரும் வாத்தியாரும் பால்பண்ணைக்காரருமான பகுதிநேரச் சிப்பாய்கள் நாங்கள் கோடைப் பயிற்சிக்கு வந்து இறங்கும்போது வாசலில் நிற்பார். யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால்தான் வருவாரா என்ன?

புதிய உணவுக்கூடத்தைக் காட்டினால் "இங்க சோளக்காடுதான் இருந்துச்சு" என்பார். ஏசி போட்ட படுக்கைக்கூடத்தைக் காட்டினால் "கூடாரத்துல படுப்போம், மழை வந்தா பூட்ஸ் மிதக்கும், அதுதாண்டா தூக்கம்" என்பார். துப்பாக்கி சுடும் திடலைக் காட்டினால், அங்கே முன்பு குதிரை லாயம் இருந்ததாகவும், அந்தக் குதிரைகளுக்கு இப்போதைய கேப்டன்களைவிட ஒழுக்கம் அதிகம் என்றும் சாதிப்பார். குதிரைகள் போனது இவர் பிறப்பதற்கு முன்னால். சாட்சி சொல்லக் குதிரையா வரும்?

இவருடைய மூலஸ்தானம் பழைய கழிப்பறை. மரக்கொட்டகை, ஒரே நீளப் பலகை, பன்னிரண்டு துளை, நடுவே தடுப்பு கிடையாது. அதை இடிக்கப் போவதாக இந்த ஆண்டு அறிவிப்பு வந்ததும் மனிதர் சாப்பாட்டை மறந்தார். இடிக்கும் இயந்திரத்துக்கு எதிரே மடக்கு நாற்காலி போட்டு, காப்பிக் குடுவையோடு உட்கார்ந்துவிட்டார். முகாம் தலைவர் கர்னல் சோரன்சன் அம்மையாரே வர வேண்டியதாயிற்று.

"மேடம், இங்கதான் சிநேகமே வளந்துச்சு. பக்கத்துல உக்காந்தவன்கிட்ட பேசாம இருக்க முடியுமா? இப்ப ஆளுக்கொரு கதவு. எவன் பேரு எவனுக்குத் தெரியுது?"

சொல்லும்போது குரல் உடைந்தது. பொய் சொல்வானேன், நானும் தொப்பியைக் கழற்றினேன்.

"சரி சார்ஜன்ட், இடிக்கல. சனிக்கிழமை பழைய வீரர்கள் கூடுறீங்கல்ல, அன்னிக்கு அதையே சுத்தம் பண்ணித் திறந்து விடுறேன். ஆசை தீரப் பேசிக்கிட்டிருங்க" என்றார் கர்னல்.

சனிக்கிழமை ரிப்பன் வெட்டியவர் ஷுமாக்கர்தான். கைதட்டினோம், படம் எடுத்தோம், பீன்ஸும் சாசேஜும் வயிறு முட்டச் சாப்பிட்டோம். பிறகு ஆளைக் காணோம். கொட்டகையில் தேடினால் ஈ காக்கை இல்லை. புதிய கழிப்பறைக் கட்டடத்தில் மட்டும் கடைசிக் கதவு தாழிட்டிருந்தது. அடியில் அவருடைய மெருகேறிய பூட்ஸ்.

"சார்ஜன்ட், உங்க இடம் அங்கதானே இருக்கு?"

பூட்ஸ் இரண்டும் மெல்ல உள்ளே நகர்ந்தன.

"அது சரித்திரம் தம்பி. சரித்திரத்து மேல போய் யாராவது உக்காருவாங்களா?"

நான் திரும்பி நடந்தேன். பின்னாலேயே குரல் வந்தது.

"தம்பி, போயிடாத. இங்க காகிதம் தீந்துபோச்சு. அந்தக் காலமா இருந்தா பக்கத்துல கை நீட்டி வாங்கியிருப்பேன்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். மின்விசிறிகூட இல்லாத அந்தக் காலத்தில் எப்படித் தூங்கினோம் தெரியுமா என்று நேற்று பிள்ளைகளிடம் அளந்தீர்களே, அப்போது உங்கள் கையில் இருந்தது ஏசி ரிமோட்தானே?