நீல நீர்வீழ்ச்சியும் விசாரணைக் குழுவும்

உலகில் தண்ணீர் தோன்றி எத்தனையோ கோடி ஆண்டுகள் ஆகியிருக்கலாம். அதை முறைப்படி விசாரிக்கத் தொடங்கியது எங்கள் பள்ளிதான். 'நீர்: ஒரு படைப்பூக்க விசாரணை' குழுவின் அமைப்பாளர் அடியேன்.

எங்கள் முறை எளியது. மாணவர் கேட்க வேண்டும். ஆசிரியர் பதில் சொல்லக் கூடாது. சொன்னால் சிந்தனை செத்துவிடும் என்று பயிற்சி முகாமில் மூன்று நாள் விளக்கினார்கள். முப்பது வருடம் அறிவியல் நடத்திய எனக்கு அப்பாடா என்றிருந்தது.

ஒன்றாம் வகுப்பில் 'வாயாடி' என்று ஒரு சிறுமி. முதல் நாளே கேட்டாள்: "சார், குழாய்ல ஏன் தண்ணி வரல?"

"அடடா, என்ன ஆழமான கேள்வி!" அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

"தாகமா இருக்கு சார்."

"அது கேள்வி இல்லம்மா. கேள்வியா மாத்திச் சொல்லு."

ஐந்தாம் வகுப்பினர் அதே குழாயை வைத்து நாடகம் போட்டார்கள். பத்தாம் வகுப்பில் படிக்கும் வாயாடியின் அக்காவுக்குத்தான் படைப்பூக்கம் சுட்டுப்போட்டாலும் வராது. மாடி ஏறித் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்து நின்றாள்.

"தொட்டித் தண்ணி மொத்தமும் வரவேற்பறைல புதுசா வச்ச செயற்கை நீர்வீழ்ச்சிக்குப் போகுது சார். அதை நிறுத்துங்க. சின்னப் பிள்ளைங்க நாக்கு வறண்டு கெடக்குதுங்க."

"அதைத் திறந்து வைக்க நீர்த்துறை அதிகாரி பதினொரு மணிக்கு வர்றாரும்மா. அவர் போகட்டும், பாத்துக்கலாம்."

அதிகாரி வந்தார். நீர்த்துறையையே கரைத்துக் குடித்தவர் என்று பெயர் வாங்கியவர். அருவி நீலமாகக் கொட்டியது. தண்ணீர் தண்ணீர் நிறத்தில் இருந்தால் படத்தில் எடுபடாது என்று, காலையில் ஒரு பொட்டலம் சாயம் கலந்திருந்தேன். அவர் ரிப்பனை வெட்டப்போன நேரத்தில் வாயாடி அதன் அடியில் நுழைந்து, இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் குடித்தாள்.

"ஆகா! செய்து கற்கிறாள்!" என்று அதிகாரி கைதட்டினார். நாங்களும் தட்டினோம். அவள் நீல நாக்கை நீட்டிக் காட்டினாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் காலடியிலேயே வாந்தி எடுத்தாள்.

அக்கா ஓடிவந்து தங்கையைத் தூக்கித் தோளில் போட்டாள். "ஆஸ்பத்திரில கேப்பாங்க. அதுல என்ன சார் கலந்தீங்க? சொல்லித் தொலைங்க!"

முறையாவது மண்ணாவது, சத்தியமாகப் பதில் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அந்தப் பொட்டலத்தில் என்ன எழுதியிருந்தது என்று நான் படித்துப் பார்க்கவே இல்லை. அத்தனை வகுப்பும் தண்ணீரைப் பற்றிக் கேள்வி கேட்ட பள்ளியில், ஒன்றுமே கேட்காதவன் அமைப்பாளர் ஒருவன்தான்.