நானூறு குதிரைகளைக் காணவில்லை

மச்சான் லோவெலுக்கு உன் அத்தான் ராய்ஸ் எழுதுவது.

நானும் உன் அக்கா மார்லாவும் மாடுகளும் இங்கே நலம். உன் வீட்டிலும் எல்லோரும் நலமாக இருக்கட்டும், உன்னைத் தவிர. போனில் திட்டலாம் என்றுதான் பார்த்தேன். "கடையில மெஷின் ஓடுது அத்தான், காது கேக்கலை" என்று வைத்துவிடுவாய். கடிதத்திடம் அந்தச் சாக்குச் சொல்ல முடியாது. உட்கார்ந்து படி.

போன மாதம் என் டீசல் பிக்கப்பைக் கிராண்ட் ஐலண்டில் உன் கடைக்குக் கொண்டுவந்தேன் இல்லையா. அதை நீ எஞ்சின் பலத்தை அளக்கிற டைனோ மெஷினின் உருளைகள் மேல் ஏற்றி, திமிறுகிற காளையைக் கட்டுவதுபோல் நாலு பக்கமும் பட்டை போட்டு இறுக்கி, நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுற்றவிட்டு, கடை முழுக்கக் கரும்புகையாக்கி, கடைசியில் ஒரு தாளை நீட்டினாய். "ஆயிரம் குதிரைத் திறன் அத்தான்! இந்தக் கவுண்டியில உங்க வண்டிய அடிச்சுக்க ஆளே கிடையாது." நான் படிக்காதவன், அச்சடித்து வந்தால் நம்பிவிடுவேன். அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தீவனக் கடை, சாப்பாட்டுக் கடை, சர்ச் வாசல் என்று ஒரு இடம் விடாமல் காட்டினேன். பாதிரியார்கூட இரண்டு தரம் வாங்கிப் படித்தார்.

சர்ச் வாசலில்தான் டோரீன் மாட்டினாள், ஸ்கூல் பஸ் ஓட்டுகிறாளே, அவள். அவளிடமும் ஒரு பழைய டீசல் பிக்கப் இருக்கிறது, உன் மெஷினில் அது அறுநூற்று நாற்பதுதான் காட்டியதாம். "அம்மாடி, உன்னோடது குதிரையா, கழுதையா?" என்றேன். என் வாய்தான் உனக்குத் தெரியுமே. அவள் சிரித்துக்கொண்டே, "கட்டிப்போட்ட குதிரைய எண்ணி என்னப்பா பிரயோசனம்? அவுத்துவிட்டு ஓட்டிப் பாப்போமா?" என்றாள். ஊரே பார்க்கப் பந்தயம் கட்டினோம். கால் மைல் ஓட்டம். தோற்றவர் வருகிற சனிக்கிழமை கவுண்டித் திருவிழா ஊர்வலத்தில் குதிரை வேஷம் போட்டு, ஜெயித்தவர் வண்டியின் பின்னால் உட்கார்ந்து, வழியெல்லாம் பிள்ளைகளுக்கு மிட்டாய் வீச வேண்டும். நான்தான் முதலில் கை கொடுத்தேன். பையில் உன் தாள் இருந்த தைரியம்.

பந்தயப் பாதையில் பச்சை விளக்கு எரிந்தது. மிதித்தேன். உன் மெஷினில் இறுக்கிக் கட்டிய பட்டை இங்கே ஏது? பின்சக்கரம் இரண்டும் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுற்றிப் புகையைக் கிளப்பின. காலை எடுத்தேன், மறுபடி மிதித்தேன், மறுபடியும் புகை. அது விலகிப் பார்த்தால் டோரீன் வண்டியின் பின்விளக்கு கடுகளவு தெரிகிறது. அவள் பதின்மூன்று விநாடியில் போய்ச் சேர்ந்தாள், நான் பதினாறில். மூணு விநாடிதானே என்று சொல்லிவிடாதே, அங்கே மூணு விநாடியில் ஒரு கல்யாணமே முடிந்துவிடும். நேரம் பார்க்கிற மெர்ல் கிழவன் ஒலிபெருக்கியில் பேசினான் மச்சான், ஒலிபெருக்கியில்! "ராய்ஸ், உன் வண்டி எடையும் கோட்டத் தாண்டின வேகமும் வச்சுக் கணக்குப் போட்டா அறுநூறுதான் வருது. மிச்ச நானூறு குதிரை வழியில மேய நின்னுடுச்சா?" கூட்டம் சிரித்தது. அதில் பெரிய சிரிப்பு உன் அக்காவுடையது.

ஏண்டா, உன் மெஷினெல்லாம் ஒரு மெஷினா? கட்டிலில் படுத்துக் காலாட்டுகிறவனை ஓட்டக்காரன் என்பாயா? உன் உருளை மேல் எதிர்க்காற்று உண்டா? மூணு டன் இரும்பை நின்ற இடத்திலிருந்து கிளப்புகிற கஷ்டம் உண்டா? நான் இந்தக் கவுண்டியில் வைக்கோல் ஏற்றிப் பிழைக்கிறவன். சனிக்கிழமைக்கு அப்புறம் எவனும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டான், கனைப்பான். தீவனக் கடையில் இன்றைக்கே ஒருவன் கனைத்துப் பழகிக்கொண்டிருந்தான். அதனால் முடிவாகச் சொல்கிறேன்: இல்லாத குதிரையை எண்ணிச் சொன்னவன் நீ, வேஷமும் நீயே போடு. மார்லா வால் தைக்க ஆரம்பித்துவிட்டாள். இடுப்பளவை உடனே எழுது.

மற்றபடி பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உன் மனைவிக்கு, உன்னைக் கட்டிக்கொண்டதற்காக, என் ஆழ்ந்த அனுதாபங்கள். உன் மெஷின் துருப்பிடிக்க ஆண்டவன் அருளட்டும்.

ஆறாத கோபத்தோடு,
அத்தான் ராய்ஸ்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். நேற்றுப் பந்தயப் பாதையில் யார் வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கிற நாள். நான் உன்னைத் திட்டிக்கொண்டு நின்றேன். டோரீன் வந்து, "சாவியக் குடுப்பா" என்றாள். ஏறி உட்கார்ந்ததும், நாலு சக்கரமும் சேர்ந்து இழுப்பதற்கு ஒரு நெம்புகோல் இருக்கிறதே, அதைப் போட்டாள். "ஏம்மா, பனியா பெய்யுது?" என்று கேட்டேன். பனி பெய்தால் தவிர நான் அதைத் தொட்டதே இல்லை. அவள் இடது காலால் பிரேக்கை அழுத்திக்கொண்டே வலது காலால் மிதித்து, எஞ்சினுக்குக் காற்றடைக்கிற டர்போ ஊளையிட்டதும் பிரேக்கை விட்டாள் பார்! பதினொன்றரை விநாடி. மெர்ல் கணக்கில் ஆயிரமே வந்தது. அவன் அதையும் ஒலிபெருக்கியில்தான் சொன்னான். டோரீன் இறங்கி, "எல்லாக் குதிரையும் உள்ளதான்பா இருக்கு. எண்ணினவன் மேல தப்பில்ல" என்று சாவியை என் கையில் வைத்தாள்.

ஆகவே இடுப்பளவு வேண்டாம். வேஷம் எனக்கே சரியாக இருக்கிறது. ஒரே ஒரு உதவி மச்சான்: உன் மெஷினில் ஓட்டுகிறவனைக் கட்டி வைத்து அளக்க வழி இருந்தால் சொல், வருகிறேன். எத்தனை காட்டினாலும் உன் அக்காவிடம் மட்டும் மூச்சுவிடாதே.