பாசி ஒழிப்பு நடவடிக்கை

மேலாளர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு வரவேற்பறைத் தொட்டிக்குள் கையை விட்டிருந்தார். கடல்நீர்த் தொட்டி. உயிருள்ள பவளங்கள், நாலு மீன், எல்லாவற்றின் மேலும் பாசி.

போன வாரம் வந்த எம்.டி. அதன் முன்னால் பத்து நிமிஷம் நின்று, "அடேங்கப்பா, என்ன பச்சை" என்று சொல்லிவிட்டுப் போனார். மேலிடத்துத் தும்மலுக்கே இருபது வருஷமாக உரை எழுதிவரும் மேலாளருக்கு அது மெமோவாகவே கேட்டது. பதவி உயர்வுக் கோப்பு வேறு எம்.டி. மேசையில் கிடக்கிறது. இரண்டு மாதத்தில் மறுபடி வருகிறாராம். முதலில் தொட்டியைத்தான் பார்ப்பாராம்.

"சார், உள்ளயே தேய்ச்சா பிஞ்ச பாசி மத்த கல்லுலயும் ஒட்டிக்கும்," என்றாள் வரவேற்பு மேசைப் பெண்.

"நீ போனை எடும்மா."

ஒரு கல்லில் இருந்த பாசி, மறுவாரம் ஒன்பது கல்லில் இருந்தது.

கமிட்டி போட்டார். பாசி தின்னும் நத்தை நூறு வாங்கலாம் என்றது கமிட்டி.

"இந்தத் தொட்டிக்குப் பதினஞ்சே ஜாஸ்தி சார்," என்றார் கடைக்காரர்.

மேலாளருக்கு அது கௌரவப் பிரச்சினை. நூறும் இறங்கின. பாதி செத்து அழுகின. அந்த உரத்தில் பாசி முழ நீளம் வளர்ந்தது.

"இனிமே சீப்புதான் வாங்கணும்," என்றார் கணக்காளர்.

அடுத்து விளக்கை அணைத்து, தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடினார்.

"பவளத்துக்கும் வெளிச்சம் வேணுமே சார்," என்றாள் வரவேற்பு மேசைப் பெண்.

"பத்து நாள் இருட்டுல இருந்தா செத்தா போயிடும்? நம்ம ரெக்கார்டு ரூம்ல ஆளு இல்லையா?"

பத்தாம் நாள் துணியை எடுத்தபோது பவளங்கள் வெளிறிக் கிடந்தன. பாசியோ நன்றாகத் தூங்கி எழுந்த மாதிரி இருந்தது.

மேலாளர் சோபாவில் சரிந்தார். "சரிம்மா, நீயே சொல்லு. நான் என்னதான் பண்றது?"

"தீனியைக் குறைங்க சார். நீங்க வெச்ச தீனிப் பதிவேட்டுல வேளைக்கு மூணு பேரு கையெழுத்துப் போடணும். போடாததுக்கு எப்படிக் கையெழுத்துப் போடுறதுன்னு மூணு பேருமே தீனி போடுறாங்க. காலைல மூணு, சாயந்திரம் மூணு. மிச்சமெல்லாம் அழுகிப் பாசிக்குத்தான் விருந்து."

பதிவேடு பீரோவுக்குள் போனது. தினம் ஒரே ஒரு சிட்டிகை தீனி. கற்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, வாளியில் வைத்துக் கையாலேயே பாசியைப் பிய்த்தார்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார்கள். பவளங்களுக்கு மெல்ல நிறம் திரும்பியது.

எம்.டி. வந்தார். நேராகத் தொட்டிக்குப் போனார். கண்ணாடி பளபளத்தது.

"மருந்துக்குக்கூட ஒரு இழை கிடையாது சார்," என்றார் மேலாளர், கையைக் கட்டிக்கொண்டு. "என் நேரடிக் கண்காணிப்பு."

எம்.டி. தொட்டியைப் பார்த்தார். மேலாளரைப் பார்த்தார். வந்த வேகத்திலேயே வெளியே நடந்து காரில் ஏறிக்கொண்டார்.

எம்.டி.யோடு உள்ளே வந்திருந்த டிரைவரை மேலாளர் பிடித்துக்கொண்டார். "என்னப்பா, ஐயா ஏன் ஒரு மாதிரி இருக்காரு?"

டிரைவர் தான் கொண்டுவந்திருந்த காலி வாளியை மறு கைக்கு மாற்றினார்.

"வீட்டுத் தொட்டியில பொட்டுப் பாசி இல்லாம அவரு மீனு பட்டினி கெடக்குது சார். இங்கதான் செழிப்பா இருக்கு, ஒரு வாளி அள்ளிட்டுப் போகலாம்னு என்னைக் கூட்டிட்டு வந்தாரு."